மார்கழியில் மலையேறும் சமையல்காரர்களுக்கு

மார்கழி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண மண்டபங்கள் அடைத்துக் கிடக்கும். பிள்ளையார் நோன்பைத் தவிர வீட்டு விசேஷம் என்று பெரிதாக எதுவும் வராது. கார்த்திகை முகூர்த்தம் வரை ஓயாமல் அடுப்பில் நின்ற கைகளுக்கு ஒரு மாதம் வேலை இருக்காது. கொடைக்கானல் மேல்மலையில் நிலைமை நேர் எதிர். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறை என்று கூட்டம் தொடர்ந்து வரும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்துச் சின்ன விடுதிகள், டெண்ட் போட்டுத் தங்க வைக்கும் இடங்கள் எல்லாம் “செட்டிநாட்டு மாஸ்டர் கிடைப்பாரா” என்று தேடுவது இந்த மாதத்தில்தான். போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், கையில் நல்ல தொழில் இருந்தும் மேலே போய்ச் சமையல் சரியாக வராமல் திகைக்கிறவர்களுக்கும் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மலையில் சோறு நறுக்கென்று நின்றால், பருப்பு மசியாவிட்டால், அது கைப்பக்குவத்தின் குறை இல்லை. கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். கொடைக்கானல் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிப்பு கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், சூடு 7 டிகிரி குறைவு. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அந்த 93-ஐத் தாண்டாது. தண்ணீர் வற்றும், கேஸ் தீரும், அவ்வளவுதான்.

அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வைப்பதை அங்கே மறந்துவிடுங்கள். கடலை, மொச்சை, பட்டாணி எதுவானாலும் குக்கர்தான். குக்கருக்குள்ளும் ஊரில் உள்ள சூடு இருக்காது. சமவெளியில் உள்ளே 121 டிகிரி வரை போகும் குக்கர், மேலே அதே வெயிட்டுக்கு 116, 117 டிகிரியில் நின்றுவிடும். விசில் எண்ணிச் சமைக்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. விசிலை விட்டுவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, ஊரில் 15 நிமிடம் வைப்பதை 19, 20 நிமிடம் வையுங்கள். கொண்டைக்கடலையை முந்தின மாலையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட வேண்டும். அங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அதில் 12 மணி நேரம் கிடந்தாலும் நடுவில் ஊறாமல் நிற்கும். குக்கர் ரப்பரும் குளிரில் விறைத்துப் போய் மூடி சரியாகப் பிடிக்காது. காலையில் மூடுவதற்கு முன் ரப்பரைக் கழற்றி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் பிடித்துக்கொள்ளும். உபரியாக இரண்டு ரப்பர், ஒரு சேஃப்டி வால்வு கையோடு கொண்டு போங்கள். மேல்மலையில் 20 லிட்டர் குக்கருக்குச் சாமான் தேடினால் அரை நாள் போய்விடும்.

வடித்த சோறு போட முடியாதா என்றால், போடலாம். அரிசியை முக்கால் மணி நேரம் ஊற வைத்து, உலை நன்றாகத் தளைத்த பிறகு போட்டு, கனமான தட்டால் மூடி, வடிப்பதற்கு முன் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்க வேண்டும். நேரம் ஊரைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். வடித்த சோறு திறந்து கிடந்தால் பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். வடித்த கையோடு ஹாட்பாக்ஸில் மாற்றிவிடுங்கள். விருந்தினர் உட்கார்ந்த பிறகு வடிக்கிற மாதிரி நேரம் வைப்பது இன்னும் நல்லது.

ஆட்டுக்கறியை உருளியில் சின்ன வெங்காயத்தோடு சுருளச் சுருள வேக விடுவது நம் வழக்கம். மலையில் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கறியை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுக் குக்கரில் முக்கால் பதம் வேக வைத்து, அந்தச் சாற்றோடு உருளிக்கு மாற்றி மசாலா போட்டுச் சுருட்டுங்கள். நேராக உருளியில் ஆரம்பித்தால் மசாலா அடிப்பிடிக்கும், கறி ரப்பராகவே இருக்கும். இன்னொன்று, ஆட்டுக்கொழுப்பு குளிரில் உடனே உறையும். சுக்கா பரிமாறும் தட்டை வெந்நீரில் முக்கித் துடைத்துச் சூடாக வையுங்கள். இல்லையென்றால் சாப்பிடுகிறவர் பாதி முடிப்பதற்குள் தட்டோரத்தில் வெள்ளையாகப் படிந்து நிற்கும்.

இனி மாவு. மலைக்குப் போகும் மாஸ்டர்களைத் தூங்க விடாதது இட்லி மாவுதான். மாவு பொங்க 30 டிகிரி அளவு வெதுவெதுப்பு வேண்டும். காரைக்குடியில் இரவு எட்டு மணிக்குக் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரம் வழியும். மேல்மலையில் மார்கழி இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். பள்ளமான இடங்களில் புல் மேல் உறைபனி பூக்கும். அங்கே அதே மாவு காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

40 பேருக்குக் கணக்கு: இட்லி அரிசி 3 கிலோ, உளுந்து முக்கால் கிலோ, வெந்தயம் மூன்று தேக்கரண்டி. இதில் 170, 180 இட்லி வரும். அரிசியும் உளுந்தும் காலை எட்டு மணிக்கே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் அரைத்து முடிக்க வேண்டும். அரைக்கும்போது தெளிக்கும் தண்ணீரும் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். கிரைண்டர் கல்லும் சில்லென்று இருக்கும், அதனால் முதலில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றி ஓட விட்டுக் கொட்டிவிட்டு உளுந்தைப் போடுங்கள். முந்தின நாள் மாவில் ஒன்றிரண்டு கரண்டி எடுத்து வைத்திருந்தால் இதில் கலந்துவிடுங்கள், அதுதான் உறை. உப்பைப் பாதி மட்டும் போட்டுக் கையால் கரையுங்கள், மீதி உப்பு காலையில். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடி, பெரிய அண்டாவில் கைபொறுக்கும் வெந்நீர் ஊற்றி அதற்குள் இறக்கி, மேலே இரண்டு மூன்று சணல் சாக்குப் போர்த்துங்கள். இரவு படுக்கப் போகும் முன் அண்டாத் தண்ணீரை ஒரு தரம் மாற்ற வேண்டும். இப்படிச் செய்தால் 14, 15 மணி நேரத்தில் மாவு எழும்.

சீக்கிரம் பொங்கட்டும் என்று பாத்திரத்தை எரிந்து அணைந்த அடுப்பின் மேல் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அடியில் ஒரு விரல் கனத்துக்கு மாவு வெந்து கட்டியாகிவிடும், மேலே புளிப்பே வந்திருக்காது. கொதிக்கும் தண்ணீரில் கரைத்தாலும் உறை செத்துப் போகும். இட்லிக் கொப்பரையிலும் ஆவி 93 டிகிரிதான், ஆகவே ஊரில் 10 நிமிடம் என்றால் அங்கே 14 நிமிடம். தயிருக்கும் இதே கதி. பாலை 45 டிகிரி வாக்கில் உறை ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி, துணி சுற்றி வைத்தால்தான் கெட்டியாக விழும்.

இவ்வளவு பாடு பட்டும் தினம் இட்லி வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நம் பலகாரங்களில் பாதிக்கு மாவு புளிக்கவே வேண்டாம். குளிர் மலைக்கென்றே அமைந்தது போல அவை இருக்கின்றன. அதை விட்டுவிட்டு எல்லா விடுதியும் போடும் இட்லி, பூரியோடு மல்லுக்கு நிற்பதில் பொருளில்லை. ஒரு நாள் இட்லி என்றால் மூன்று நாள் பலகாரம் என்று விடுதிக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கூட்டி வைத்தால் அதுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊற வைத்து (மலையில் வெதுவெதுப்பான தண்ணீரில்), வெண்ணெயாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து, கரண்டியில் எடுத்தால் தடையில்லாமல் வழிகிற பதத்தில் கரைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும். ஊரில் இந்த மாவை அரைத்த கையோடு சுட்டுவிட வேண்டும், நேரமானால் புளித்து எண்ணெய் குடிக்கும், நிறமும் மாறும். மலையில் குளிர் நமக்கு உதவி செய்கிறது. இரண்டு மணி நேரம் வைத்திருந்தாலும் மாவு அப்படியே இருக்கும், எட்டு மணிக்கு ஒரு குடும்பம், பத்து மணிக்கு ஒரு குடும்பம் என்று எழுந்து வருகிறவர்களுக்குச் சுடச்சுட ஊற்றிக் கொடுக்கலாம்.

அடுப்பில் மட்டும் ஒரு மாற்றம். மலையில் மாவுக்குள் இருக்கும் ஈரம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், உள்பக்கம் 93 டிகிரியைத் தாண்டுவது சிரமம். எண்ணெய் சூடு ஊரில் உள்ள மாதிரியே இருந்தால் மேலே சிவந்துவிடும், உள்ளே பச்சை மாவு. எண்ணெய்ச் சூட்டை 10, 12 டிகிரி குறைத்து, கரண்டியளவையும் கொஞ்சம் சிறிதாக்குங்கள். ஒரு சொட்டு மாவு போட்டால் சட்டென்று மேலே பாயாமல், நிதானமாக எழும்பி வருவது சரியான பதம். பணியாரம் வெள்ளையாக, விளிம்பில் மெல்லிய முறுவலோடு எழும்பி நடுவில் உப்பி வரும். ஓரம் கிழிந்தால் மாவு கெட்டி, தட்டையாகப் படுத்தால் தண்ணீர் கூட. கெட்டி மாவுக்கு ஒரு மடக்குப் பால் போதும். இளகிய மாவுக்கு ஒரு கரண்டி பச்சரிசி மாவு. கந்தரப்பம், மசாலா சீயம், கல்கண்டு வடை எல்லாவற்றுக்கும் இதே எண்ணெய்க் கணக்கு. சீயம் உருட்டும்போது எலுமிச்சை அளவைவிடச் சிறிதாக உருட்டுங்கள்.

கும்மாயத்துக்கு உளுந்து அதிகமாகவும் பச்சரிசி, பாசிப்பருப்பு கொஞ்சமாகவும் வறுத்து அரைத்த மாவை ஊரிலிருந்தே கொண்டு போய்விடலாம். மேலே கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி மாவைக் கலக்கிக் கிண்டி, நெய் விட்டு இறக்குவதுதான் வேலை. குளிரில் ட்ரெக்கிங் முடித்து வருகிறவர்கள் கையில் ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள், மறுநாளும் கேட்பார்கள். கருப்புக் கவுனி அரிசியை இரவே வெந்நீரில் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரோடு குக்கரில் சின்னத் தீயில் 40 நிமிடம் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்றரை பங்கு தண்ணீர். வெந்த பிறகுதான் சர்க்கரை, முதலிலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். மனகோலம், அதிரசம் மாதிரி பாகு வேலை இருந்தால் ஊரில் இத்தனை நிமிடம் என்ற கணக்கு செல்லாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் பழைய முறை எந்த உயரத்திலும் தப்பாது, ஏனென்றால் அது சூட்டை அளப்பதில்லை, பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைக் காட்டுகிறது.

கொண்டு போகும் மூட்டை பற்றி. மிளகாய், மல்லி எல்லாம் மார்கழிக்கு முன்னால் நல்ல வெயிலில் காய வைத்து அரைத்து, ஈரம் புகாத டப்பாவில் அடைத்து எடுத்துப் போங்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ மேல்மலைக் கடைகளில் நம் தரத்துக்குக் கிடைக்காது. அப்பளமும் வற்றலும் ஒரே இரவில் நமத்துப் போகும், டப்பாவைத் திறந்தால் உடனே மூட வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நல்லெண்ணெய் உறையாது. தாளிப்புக்கும் பணியாரச் சட்டிக்கும் நல்லெண்ணெயையே வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி எதுவும் தூக்கிப் போக வேண்டாம். கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ் அங்கே தோட்டத்திலிருந்தே வரும். பூண்டில்தான் கவனம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் அதிகம். ஊர் அளவில் பாதி போட்டு ருசி பார்த்துவிட்டுப் பிறகு கூட்டுங்கள்.

கேஸ் விஷயத்தில் மெத்தனம் கூடாது. 19 கிலோ நீல நிறக் கடை சிலிண்டர்தான் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுச் சிவப்பு சிலிண்டரை விடுதியில் எரிப்பது சட்டப்படி தப்பு. விடியற்காலையில் பெரிய பர்னர் போட்டதும் தீ சுருங்கிப் போனால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சிலிண்டரை மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாவதற்கு வெளியிலிருந்து சூடு எடுக்க வேண்டும். குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும், சிலிண்டர் அடிப்பகுதி வியர்த்துப் பனி கட்டும். இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து எரித்தால் ஒவ்வொன்றின் மேலும் சுமை பாதியாகும், தீ நிற்கும். காற்று மறைவாக, வெயில் படும் சுவரோரம், சமையலறைக்கு வெளியே சிலிண்டர் இருக்க வேண்டும். கொதிநீர் ஊற்றுவது, அடியில் தணல் வைப்பது இரண்டும் உயிருக்கு ஆபத்து.

இதைவிடப் பெரிய ஆபத்து கரி. விருந்தினருக்குக் கோழி சுட்ட பிறகு மிச்சத் தணலைச் சட்டியோடு தூங்கும் அறைக்குள் எடுத்துப் போகிற பழக்கம் மலையில் இருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கதவு ஜன்னல் அடைத்த அறையிலோ டெண்டிலோ தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். உங்களோடு வரும் சின்னப் பையன்களுக்கு முதல் நாள் இரவே இதைச் சொல்லுங்கள், விருந்தினர் கேட்டாலும் தணலைக் கொடுக்காதீர்கள். வெந்நீர் போடும் கேஸ் கீசரும் ஜன்னல் இல்லாத குளியலறையில் இருந்தால் அதே விஷம்தான்.

குடிதண்ணீர் ஊற்றிலிருந்து குழாய் வழியே வந்தாலும் கொதிக்க வைக்காமல் தராதீர்கள். 93 டிகிரி போதாது என்று பயப்பட வேண்டாம், நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் விட்டால் போதும். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால் இந்தக் கொதிநீர் ஃப்ளாஸ்க் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

மிச்சச் சோற்றையும் காய்த் தோலையும் பின்பக்கம் கொட்டுவது ஊர்ப் பழக்கம், அங்கே அதைச் செய்தால் இரவே காட்டுப்பன்றியும் காட்டெருமையும் வரும். சாதுவாக நிற்கிற மாதிரி தெரிந்தாலும் காட்டெருமை கிட்டே போனால் முட்டிவிடும். விடியலில் கதவைத் திறந்ததும் டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் காலை வெளியே வையுங்கள். எச்சில் எல்லாம் மூடிய டிரம்மில் போட்டு, நகராட்சி அல்லது ஊராட்சி வண்டியில் ஏற்ற வேண்டும்.

ஏறுவதற்கு முன் விடுதிக்காரரிடம் பேசி முடிக்க வேண்டியவை சில. சம்பளம் நாள் கணக்கா, சீசனுக்கு மொத்தமா? மழையால் பாதை அடைத்து முன்பதிவு ரத்தானால் அந்த நாளுக்குக் கூலி உண்டா? மார்கழியிலும் வடகிழக்குப் பருவமழை மிச்சம் இருக்கும், மரம் விழுந்து மின்சாரமும் போகும், கிரைண்டருக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா? உதவிக்கு நிற்கும் கைப்பிள்ளைகள் எத்தனை பேர், பாத்திரம் கழுவ வெந்நீர் உண்டா? பச்சைத் தண்ணீரில் தினம் அண்டா தேய்த்தால் கை வெடித்து ரத்தம் கசியும், ரப்பர் கையுறை வாங்கித் தரச் சொல்லுங்கள். படுக்கும் இடம் எது என்று போட்டோ கேளுங்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி இல்லாமல், சாமான் அறைத் தரையில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேசியதை எல்லாம் வாட்ஸ்ஆப்பில் எழுதிப் போட்டு அவர் “சரி” என்று பதில் போட்ட பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள். உணவு கையாளுகிறவர்களுக்கான மருத்துவச் சான்றிதழை ஊரிலேயே எடுத்துவிட்டால் அங்கே சோதனைக்கு வந்தாலும் பயமில்லை.

பாதை சுலபம்தான். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல், அங்கிருந்து வத்தலக்குண்டு, பிறகு மலைச்சாலை. பாத்திரத்தோடு வேன் வைத்துப் போனால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

இறங்கும் தேதியையும் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தைக் காட்டி இன்னும் நாலு நாள் என்று இழுப்பார்கள். தை பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கும், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி கிளம்பினால் பாதயாத்திரை அன்னதானத்துக்கு ஆள் தேடுவார்கள், வாக்குக் கொடுத்தவர்கள் போய் நின்றாக வேண்டும். கடைசி இரவு கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கிரைண்டர் கல்லைத் துடைத்துக் காய வைத்து, கொண்டு வந்த பாத்திரத்தைப் பட்டியல் பார்த்து மூட்டை கட்டி, முதல் பேருந்தில் ஏறிவிடுங்கள்.